ஈரச்சாக்குக்கு அடியில் ஒரு மாக்கல் மேடை

நான் தனியாகக் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டிய முதல் வீடு சங்கரன்கோவிலில் ஒரு வாத்தியாருடையது. எண்பதுகளின் தொடக்கம். அடுப்படி மேடைக்கு எல்லாரும் கடப்பாக்கல் போட்ட காலம். எலுமிச்சைச் சாறு சிந்தினால் அது வெளுத்துவிடுகிறது என்று சாருக்குக் குறை. கல்சட்டி செய்கிற மாக்கல்லையே பலகையாகச் சேலத்திலிருந்து வரவழைக்கிறேன் என்றேன். சூட்டுச் சட்டியை அப்படியே இறக்கலாம், புளி அரிக்காது, எண்ணெய் உள்ளே இறங்காது என்று அளந்தேன். அத்தனையும் உண்மைதான். ஆணி பட்டாலே கோடு விழும் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

பால்காய்ப்புக்கு முந்தின நாள் மேடையைப் பதித்து முடித்தேன். கலவைச் சட்டியைத் தூக்காமல் இழுத்தேன், சோம்பேறித்தனம். கல்லின் நடுவே ஒரு முழத்துக்கு வெள்ளைக் கோடு. தண்ணீர் தெளித்ததும் கோடு மறைந்தது. அப்பாடா என்று கை கழுவித் திரும்பினால், கல் காய்ந்து கோடு மறுபடி நிற்கிறது. அதற்குள் சார் வரும் சத்தம் கேட்டது. இன்னும் க்யூரிங் ஆகவேண்டும், கலவை ஈரத்திலேயே இறுகவேண்டும் என்று சொல்லி ஈரச்சாக்கை விரித்துவிட்டேன்.

மறுநாள் காலை சாரின் மனைவி சாக்கை எடுத்து, கல்லைத் துடைத்து, அடுப்பை வைத்தார். எல்லாரும் பாலைப் பார்த்தார்கள், நான் கல்லைப் பார்த்தேன். பொங்கும்வரை காயாமல் இருக்கவேண்டும் என்று கோமதியம்மனை வேண்டிக்கொண்டேன். கோடுதான் முந்தியது.

“என்னவே, கல்லு வெடிச்சிட்டா?” என்றார் சார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நல்ல காரியத்தன்று வெடித்த கல்லை யார் பொறுப்பார்கள்? மேடையை உடை என்றால் என் பெயரும் அதோடு போயிற்று.

“வெடிப்பு இல்ல சார், வெறும் கோடு. நேத்து நாந்தான் சட்டிய இழுத்தேன். பயந்துபோய் சாக்கப் போட்டு மூடிட்டேன்.”

அந்த அம்மா கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். நல்லெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். கல் கறுத்தது, கோடு போயிற்று. எண்ணெய் தடவித் தடவிக் கல்சட்டி பழக்கிய கைக்கு இது தெரியாதா? பாலும் பொங்கியது.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் சார் என்னை வெளியே கூப்பிட்டார். “கல்லு சரியாயிட்டு. இன்னும் என்னத்தையெல்லாம் வே மூடி வச்சிருக்கீரு?”

சொல்லிவிட்டு ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போனார். அந்தச் சுவர்களில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் தட்டத் தட்ட நானும் பின்னாலேயே நடந்தேன்.

அதற்குப் பிறகு மாக்கல் கேட்டு யார் வந்தாலும், கையில் ஓர் ஆணியைக் கொடுத்து, முதலில் நீங்களே ஒரு கோடு போட்டுப் பாருங்கள் என்பேன். சிலர் கடப்பாக்கல்லுக்கே போய்விடுவார்கள். போகட்டும். என் சுவரை அப்புறம் யாரும் தட்டிப் பார்த்ததில்லை.