என் பாட்டைக் காப்பி எடுத்த ரஹீம் பாய்

போன வெள்ளிக்கிழமை துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அத்தா தவறிட்டாருங்க. உங்களுக்குச் சொல்லச் சொல்லி அம்மாதான்..." என்று ரஹீம் பாயின் மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவது என்று ஈரத்துணியோடு நின்றேன்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே பாய் வைத்திருந்த ரெக்கார்டிங் சென்டரை உங்களில் பலர் அறிவீர்கள். வெற்று கேசட்டைக் கொடுத்து, வேண்டிய பாட்டுகளைச் சொன்னால் பதிந்து தருவார். கேட்ட பாட்டுகள் முடிந்தபின் நாடாவில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். மற்ற கடைக்காரர்கள் அதில் ஏதாவது சினிமாப் பாட்டைப் பாதியில் நறுக்கிப் போடுவார்கள். பாய் அந்த இடத்தில் யாருக்கும் தெரியாத நல்ல பாட்டாகப் பார்த்துப் போடுவார். "நாடாவ மொட்டையா வுடலாமா? பேரே தெரியாதவங்க பாட்ட யாரும்மா கேட்டு வாங்குவாங்க? நாமதான் காதுல போடணும்" என்பார்.

அப்படி அவர் போட்டது என் பாட்டை. திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு பாடிக்கொண்டிருந்த என்னை நம்பி, சென்னையில் ஒரு கம்பெனி என் சொந்தப் பாட்டுகளைக் கேசட்டாக வெளியிட்டிருந்தது. அது விற்றால் இரண்டாவது கேசட் என்று பேச்சு. "இன்னா பாய், நான் கேக்காத பாட்டு இருக்குது?" என்று பாயிடம் சண்டைக்கு வந்தவர்களே, பிறகு "அந்தக் கடைசிப் பாட்டு பாடுன பொண்ணோடது இன்னும் இருக்குதா?" என்று வந்து நின்றார்கள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்கள் அவை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் சென்னையிலிருந்து சரக்கு வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பாய் என் கேசட்டை முழுசாகக் காப்பி எடுத்துக் கொடுத்தார். எலவனாசூர்கோட்டை டீக்கடையில் என் குரல். கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில் என் குரல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாலை திறந்து சென்னை பஸ் ஓட ஆரம்பித்ததும் கம்பெனிக்குப் போனேன். "உங்க ஊர்லேந்தே ஒரு ஆர்டர் வரலையேம்மா. உங்க ஊர்க்காரங்களுக்கே நீங்க வேணாம் போல" என்றார் கம்பெனி மேனேஜர். இரண்டாவது கேசட் கிடையாது. திரும்பி வந்து நேரே பாய் கடைக்குப் போனேன். ஆட்கள் நிறைந்திருந்த கடையில் "திருடன்" என்றே கத்தினேன். அவர் மனைவியும் அங்கேதான் நின்றிருந்தார்.

பாய் குரலை உயர்த்தவில்லை. "ரோட்ட அடைக்கறதுக்கு முன்னாடியே உன் கேசட்டுக்கு நானும் ஆர்டர் போட்டேம்மா. விக்காத சினிமா கேசட்டு ஒரு மூட்டை எடுத்தாதான் உன்னுத குடுப்பேன்றான் ஏஜெண்டு. நான் எங்க போவேன்? செரி, இனிமே உன் பாட்டு இந்தக் கடையிலேந்து வெளிய போவாது" என்றார். சொன்னபடியே நிறுத்தினார்.

ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். என்ன ஜெயித்தேன்? கம்பெனி கேசட்டும் வரவில்லை, காப்பியும் இல்லை. டீக்கடையும் பஸ்ஸும் வேறு குரல்களுக்கு மாறின. திருவிழாவுக்குக் கூப்பிடுகிறவர்களும் குறைந்தார்கள். "மறுபடியும் போடுங்க பாய்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பெரிய கெட்டிக்காரி மாதிரி வெற்று கேசட்டோடு போய், சினிமாப் பாட்டுகளைக் கம்மியாகச் சொன்னேன். மிச்ச இடத்தில் அவராகவே என் பாட்டைப் போட்டுவிடுவார் என்று எண்ணம். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் போட்டுப் பார்த்தேன். சினிமாப் பாட்டுகள் முடிந்தன. பிறகு வெறும் நாடா ஓடும் சத்தம். முடியும்வரை உட்கார்ந்து கேட்டேன். என் கேசட்டை மட்டும் அவர் மொட்டையாக விட்டிருந்தார். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

போன் வந்த அன்று, கடைசியில் அந்த வீட்டுக்குப் போனேன். பாயின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் பாட்ட வூட்ல தெனம் கேப்பாரும்மா. கதவ சாத்திக்கினுதான். வெளிய கேட்டா நீ வருத்தப்படுவேன்னு" என்றார். அப்போதுதான் அழுதேன்.

பாய் பதிந்து தந்த பழைய கேசட் உங்கள் வீட்டில் இருந்தால், அதன் கடைசிப் பாட்டு பெரும்பாலும் என்னுடையதாக இருக்கும். காப்பி எடுங்கள். யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். இதை அவர் காதுபடச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கங்கெட்டவள், அவரைப் புதைத்த பிறகு உங்களிடம் சொல்கிறேன்.