வியாழக்கிழமைக்கு என்ன நிறம்?

என் அண்ணன் வேலுவைப் போலீஸ் பிடித்தபோது அவன் உடம்பு முழுக்கக் கரி பூசியிருந்தது. கழுத்தில் வேப்பிலை மாலை. போன மே மாதம், வேண்டிக்கொண்டவர்கள் வேஷம் போட்டுக்கொண்டு தெருவில் வரும் கங்கம்மா ஜாத்திரை திருப்பதியில் நடந்த வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். கூட்டத்தில் ஒரு பெண் கையை நீட்டி "இவன்தான்" என்றிருக்கிறாள். முந்தின நாள் சாயங்காலம் அதே தெருவில் அவளுடைய தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவன் இவன்தான் என்று. கரியைக் கழுவக்கூட விடாமல் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். மறுநாள் கோர்ட். அங்கிருந்து சப் ஜெயில்.

எங்கள் வீடு ஆந்திராவில் கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு சின்ன ஊரில்; வீட்டில் பேசுவது தமிழ்தான். நைனா சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போகிறார். கொஞ்சம் தக்காளி போடுகிறோம். அண்ணன் திருப்பதியில் அலிபிரி பக்கம் ஒரு லாட்ஜில் எலக்ட்ரீஷியன். நானும் திருப்பதியில்தான் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். பி.ஏ. கிரிமினல் ஜஸ்டிஸ். ஊரில் அதற்குப் பேர் போலீஸ் படிப்பு. இரண்டாம் வருஷப் பரீட்சை முடிந்து லீவில் வீட்டிலிருந்தேன். "போலீஸ் படிப்பு படிக்கிற பொண்ணோட அண்ணன் திருடனாம்." சனிக்கிழமை காலையிலேயே ஊர் இப்படிப் பேச ஆரம்பித்துவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்சி சொல்கிறவர்களை எப்படிச் சந்தேகிப்பது என்பதுதான் என் படிப்பில் பாதி. நல்லவர்கள்கூட தப்பாகப் பார்ப்பார்கள், பார்த்ததைத் தப்பாக ஞாபகம் வைப்பார்கள் என்று இரண்டு வருஷமாகப் படித்திருக்கிறேன். இப்போது நானே சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். அதனால் என்னையும் சந்தேகப்பட்டுக்கொண்டே படியுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அண்ணன் திருடியிருக்க மாட்டான் என்று அம்மா தரையில் அடித்துச் சொன்னாள். நைனாவும் சொன்னார். என்னால் சொல்ல முடியவில்லை.

ஏன் என்றால், வியாழக்கிழமை சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டிருந்தேன். பின்னால் ஒரே மேளச் சத்தம். "எங்க இருக்கே?" என்றேன். "டியூட்டில இருக்கேன், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். லாட்ஜில் விசாரித்தால், அவன் அந்த வாரம் முழுக்க லீவு என்கிறார்கள். எதற்குப் பொய்? இன்னொன்று. ஒரு மாதம் முன்னால் அவன் என்னிடம், "தெருவுல இருக்கற கேமராவுல எடுத்தது எத்தினி நாளைக்கு இருக்கும்?" என்று கேட்டிருந்தான். அப்போது பெருமையாகப் பாடம் நடத்தினேன். இப்போது அந்தக் கேள்வி நெஞ்சில் முள் மாதிரி நின்றது.

சந்தேகம் வந்துவிட்டால் ஒரு இடத்தில் நிற்குமா? சங்கிலியைப் பறிகொடுத்ததாகச் சொல்லும் அந்த சுமதி யார்? வேலூர் பக்கத்திலிருந்து இங்கே கம்பெனி வேலைக்கு வந்தவளாம். நிஜமாகவே சங்கிலி போட்டிருந்தாளா? லாட்ஜ் மேனேஜர் ஏன் அவ்வளவு சுருக்கமாகப் பேசினார்? ஆறுதல் சொல்ல வந்த பக்கத்து வீட்டு அத்தை, டம்ளரைக் கீழே வைக்கும்போது "நெஜமாவே எடுத்தானாம்மா?" என்று கேட்டாளே, அவள் யாருக்குச் சொல்லப்போகிறாள்? அம்மா அழுவதைக்கூட, இவளுக்கு ஏதாவது தெரியுமோ என்று பார்த்தேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை சப் ஜெயிலில் அண்ணனைப் பார்த்தோம். காது மடிப்பில் இன்னும் கரி இருந்தது. நான் கேட்டேன்.

"வியாழக்கிழமை எங்க இருந்தே?"

"வேஷத்துலதான் இருந்தேன். அந்த வாரம் பூரா வேஷம் போடறதா மொக்கு."

"எதுக்கு வேண்டிக்கினே?"

தலையைக் குனிந்துகொண்டான். "நீ எஸ்.ஐ. செலக்‌ஷன் பாஸாவணும்னு. சொன்னா நீ சிரிப்பே. அதான் டியூட்டின்னேன்."

"உன்னை யார் பார்த்தாங்க?"

"மூஞ்சி பூரா பூசிக்கினு இருக்கறப்போ எவன் எவனைப் பாக்கறது கல்பனா?"

ஜெயிலிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது அம்மா அந்த மொக்கை நினைத்து அழுதாள். நான் அழவில்லை. நன்றாக ஜோடித்த பதிலாக இருக்கிறதே என்று யோசித்தேன். முகம் தெரியாத வேஷம், பார்த்தவர் யாரும் இல்லை, கேட்டவுடன் மனசு இளகுகிற காரணம். இப்படித்தான் குற்றவாளிகள் சொல்வார்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

செய்ய ஒரு வழி இருந்தது. சுமதியைத் தேடிப் போய், என்ன பார்த்தாய் என்று கேட்பது. நைனா அதைத்தான் சொன்னார். "போயி கால்ல வுழுவோம்மா." ஆனால் அது கூடாது. குற்றம் சாட்டப்பட்டவன் வீட்டார் புகார் கொடுத்தவளிடம் போய்ப் பேசினால், சாட்சியைக் கலைத்ததாக ஆகிவிடும். அண்ணன் நிரபராதியாகவே இருந்தாலும் அதோடு அவன் கதை முடிந்தது. இதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் படித்தேனா என்று இருந்தது. கையில் பூட்டு இருக்கிறது, சாவி இல்லை.

ஊருக்குத் திரும்பாமல் திருப்பதியிலேயே தங்கி, அன்றைக்குச் சாயங்காலம் கங்கம்மா கோயிலுக்குப் போனோம். கங்கம்மா தாயின் முன்னால் அம்மா முந்தானையை விரித்து, "எம் புள்ளைய வூட்டுக்கு அனுப்பிடு" என்று கதறினாள். நான் அப்படிக் கேட்கவில்லை. எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்டது இதுதான், ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்கிறேன்: "அம்மா, அவன் எடுத்தானா இல்லையா, எனக்குத் தெரியணும். எடுத்திருந்தாலும் பரவாயில்லை, காட்டு. நான் அந்தப் பொம்பளைகிட்ட போகக் கூடாது. வேணும்னா நீயே கூட்டிக்கினு வா."

கேட்டுவிட்டு வெளியே வந்தபோதும் நம்பிக்கை எதுவும் வரவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஜாத்திரையின் பெரிய நாள். கோயிலைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மூன்று கல் அடுப்பு, புகை, பொங்கல் பானை. அம்மாவும் பானையோடு வந்துவிட்டாள். சுள்ளி பற்றிக்கொண்டதும், பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். அப்போது ஒரு பெண் பக்கத்தில் கல்லை அடுக்கினாள்.

"கொஞ்சம் நெருப்பு குடுக்கறியாம்மா? எனக்குப் பத்தவே மாட்டேங்குது."

தமிழ். எரிகிற சுள்ளி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். குனிந்து வாங்கியபோது அவள் கழுத்தைப் பார்த்தேன். புது மஞ்சள் கயிறு. கல்யாணமாகிப் பல வருஷம் ஆனவள் மாதிரி இருந்தாள், கயிறு மட்டும் புதுசு. கழுத்தின் பக்கவாட்டில் நீளமாக ஒரு காயம், பொருக்குத் தட்டியிருந்தது.

சுமதி இவள்தான் என்று புரிந்தது. முதலில் வந்த நினைப்பு நன்றி இல்லை, பயம். யாராவது அனுப்பி வைத்திருக்கிறார்களா? நான் யாரென்று தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறாளா? எழுந்து போய்விடலாம் என்றால் அடுப்பில் பானை இருக்கிறது. பொங்கல் பானையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒன்று மட்டும் முடிவு செய்தேன். கேள்வி எதுவும் கேட்கக் கூடாது. ஒன்றுகூட.

நான் கேட்கவே இல்லை. அவளே பேசினாள். புது ஊரில், ஊதி ஊதிக் கண்ணெரிந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குத் தமிழ் பேச ஒரு ஆள் கிடைத்தால் போதாதா?

"நான் இந்த ஊருக்கு வந்து இதுதான் மொத ஜாத்திரை. வியாழக்கிழமை வேடிக்கை பார்க்க வந்து தாலியைப் பறிகொடுத்துட்டேன். அதான் தாய்க்கே பொங்கல் வச்சு முறையிடலாம்னு வந்தேன்." கழுத்தைத் தொட்டுக்கொண்டாள். "என் புத்தியைச் சொல்லணும். அன்னிக்கித் தெருவுல எல்லாரும் செவப்பா பூசிக்கிட்டுப் போறாங்க. அவன் ஒருத்தன் மட்டும் தலையிலேருந்து கால் வரைக்கும் கறுப்பு. இவன் ஏதோ பெரிய வேண்டுதல் போலன்னு நெனச்சு, வழி விட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன். தலையைக் குனிஞ்சேன் பாரு, அந்த நேரத்துல அறுத்துட்டான்."

நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, உங்க பானை சாயுது" என்று மட்டும் சொன்னேன். அவள் அதைச் சரி செய்தாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தூர்ப் பக்கமும் கங்கம்மா ஜாத்திரை உண்டு, வேஷமும் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் யார் எந்த வேஷமும் போடலாம். திருப்பதி ஜாத்திரை லீவில் வருவதால் இரண்டு வருஷம் அங்கே படித்தும் நான் பார்த்ததில்லை. அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்ததும் அடுப்பை அவளிடம் விட்டுவிட்டு, வேப்பிலை விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் ஓடினேன். தெலுங்கில் கேட்டேன், வியாழக்கிழமை என்ன வேஷம்? நான் கிறுக்கு என்பதுபோல் பார்த்தாள். முதல் நாள் புதன் நாமக்கட்டி, வெள்ளை. வியாழன் குங்குமம், சிவப்பு. வெள்ளிதான் கரி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேஷம், மாற்றிப் போட்டால் தாய்க்கு ஆகாது என்றாள்.

வாரம் முழுக்க மொக்கு வைத்தவன் வியாழக்கிழமை கரி பூச மாட்டான். அன்றைக்குக் கரி பூசியவனுக்கு இந்த ஜாத்திரையே தெரியாது. வெள்ளிக்கிழமை அந்தத் தெருவில் எல்லாருமே கறுப்பு. அந்தக் கறுப்பில் திருடனைப் போலவே உயரமாக இருந்த அண்ணனைப் பார்த்து சுமதி கையை நீட்டியிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அண்ணன் ஜெயிலில் சொன்னதும் பொய் இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வேப்பிலைக்காரி சாமி வந்துவிட்டதென்று நினைத்துத் தலையில் தண்ணீர் தெளித்தாள்.

ஸ்டேஷனுக்கு நைனாவோடு போனேன். எஸ்.ஐ. கடலோர ஜில்லாக்காரர், இந்த ஊருக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஜாத்திரை பந்தோபஸ்துக்கு வந்திருந்த பாதிப் பேரும் வெளியூர். நடந்ததை மறைக்காமல் தெலுங்கில் சொன்னேன்.

"புகார் கொடுத்தவங்களோட பேசினியா?" அவர் குரல் மாறியது.

"அவங்க பேசினாங்க சார். நான் யாருன்னு சொல்லல, எதுவும் கேக்கல. நீங்களே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அன்னிக்கி சுத்தி இருந்தவங்க என்ன நிறத்துல இருந்தாங்கன்னு. எங்கண்ணன் பேரைச் சொல்லாதீங்க."

அவர் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். பார்க்கட்டும், அது அவர் வேலை. பின்னால் நின்ற உள்ளூர்க் கான்ஸ்டபிள் ஒருவர்தான் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அவுனு சார்! வியாழக்கிழமை குங்குமம்தானே. கரி ஏது?" அவர் அன்றைக்கு வேறு பக்கம் பந்தோபஸ்தில் இருந்திருக்கிறார். திருடன் கறுப்பு என்று எல்லாருக்கும் தெரியும். மற்றவர்கள் என்ன நிறம் என்று யாருமே கேட்கவில்லை.

அதற்கப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. வியாழக்கிழமை கேமராப் பதிவில் அத்தனை சிவப்புக்கு நடுவில் ஒரே ஒரு கறுப்பு. அது எந்தச் சந்து வழியாக ஓடி, எந்தக் குழாயில் முகம் கழுவியது என்று வரிசையாகப் பார்த்துவிட்டார்கள். பிடிபட்டவன் வெளியூர்க்காரன். பழைய ஜாத்திரைப் போட்டோக்களைப் பார்த்து, முகம் நன்றாக மறையும் என்று கரியை எடுத்தானாம். சங்கிலியும் கிடைத்தது. கோர்ட்டில் சொல்லி அண்ணன் வெளியே வரக் கொஞ்ச நாள் பிடித்தது. வந்தான்.

சுமதி அக்கா வீட்டுக்கே வந்து அழுதாள். அண்ணன்தான் சிரித்தான். "அடுத்த தபா கும்புடறதுக்கு முன்னாடி இன்னிக்கி இன்னா கலர்னு கேட்டுக்க அக்கா." கேமரா விஷயத்தையும் கேட்டுவிட்டேன். லாட்ஜ் கேமராக்களைப் பார்த்துக்கொள்வதே அவன்தானாம், தெருக் கேமராவில் வைக்கிற அளவு நாளே பதிவை வைக்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் அந்த முள்.

இதெல்லாம் தற்செயல் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். நானும் புரட்டிப் புரட்டிப் பார்த்தவள்தான். அத்தனை அடுப்பு இருந்த இடத்தில், நான் போகக் கூடாத ஒரே பெண் என் அடுப்பில் நெருப்புக் கேட்டு வந்தாள். அதுவும் "நீயே கூட்டிக்கினு வா" என்று கேட்ட மறுநாள். இதற்கு வேறு விளக்கம் தேடினேன், கிடைக்கவில்லை. தாயே, உனக்கு நன்றி. மூன்றாம் வருஷம் படிக்கிறேன். இப்போதும் எல்லாரையும் சந்தேகப்படுகிறேன். ஆனால் யாரைப் பற்றியும் முடிவு கட்டும் முன்னால், சுற்றி என்ன இருந்தது என்று இன்னொரு கேள்வி கேட்கிறேன். காலையில் தாயைக் கும்பிட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுகிறேன்.

அண்ணன் வெளியே வந்த அன்றைக்கு, பஸ் ஸ்டாண்டில் வைத்து என்னிடம் கேட்டான். "நீயும் என்னைச் சந்தேகப்பட்டியா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமாண்ணா. எடுத்திருந்தாலும் காட்டுன்னுதான் தாய்கிட்ட கேட்டேன்."

அவன் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அப்புறம், "அம்மா வுட்டுடுன்னு கேட்டுச்சு. வுட்டிருந்தாலும் திருடன்னுதான் ஊர்ல நடமாடியிருப்பேன். நீ கேட்டதுதான் எனக்கு வேணுங்கறது" என்றான். பஸ் வந்தது. ஜன்னலோர சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஏதோ ஒரு கஷ்டம் இருக்கும். முழு நம்பிக்கை வந்த பிறகுதான் கும்பிடுவேன் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகத்தோடேயே போய் நில்லுங்கள், உண்மையைக் கேளுங்கள். நான் அப்படித்தான் நின்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.