பேனரில் பாதி

உடற்பயிற்சிக் கூடத்தில் அவரைப் "பீப்பா மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். தோளும் இடுப்பும் ஒரே அகலம். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. வயிறு அவருக்கு ஓரடி முன்னால் நடக்கும். ஆனால் அவர் எடைக்கம்பியைத் தூக்கினால், கண்ணாடியில் தங்களையே ரசித்துக்கொண்டிருக்கும் புஜங்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்.

அன்று காலை மாடிப்படி ஏறியவர் பாதியிலேயே நின்றுவிட்டார். வாசலில் புதுப் பேனர். இடப்பக்கம் "வருவதற்கு முன்": அவரேதான், துண்டால் முகம் துடைக்கும்போது யாரோ எடுத்த படம். வலப்பக்கம் "வந்த பின்": அவருடைய அக்கா மகன். எண்ணெய் பூசிய உடம்பு, வயிற்றில் செங்கல் அடுக்கினாற்போல் தசை.

புதிதாகச் சேர வந்த ஒருவர் பேனரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் சார், அவ்ளோ கஷ்டப்பட்டு அப்படி ஆயிட்டு, மறுபடி ஏன் பழையபடி ஆயிட்டீங்க?"

மாஸ்டருக்கு உச்சந்தலை கொதித்தது. நேரே முதலாளி அறைக்குப் போனார்.

"யாரைக் கேட்டு என் படத்தைப் போட்டீங்க?"

"கோவப்படாதீங்க மாஸ்டர். உடம்புல மூணு வகை. ஒட்டடைக்குச்சி, பீப்பா, சிலை. ஜனங்க சிலையைப் பாத்துத்தான் உள்ள வராங்க. இனிமே பயிற்சி கொடுக்கறது உங்க மருமகன். நீங்க கீழ வண்டிகளைப் பாத்துக்கோங்க."

"அவனுக்குக் கம்பி பிடிக்கக் கத்துக்கொடுத்ததே நான்."

"அதைப் பேனர்ல எப்படிப் போடறது, நீங்களே சொல்லுங்க."

"அவன் பொறந்ததிலேர்ந்தே ஒல்லி. நான் எங்கப்பா வார்ப்பு, தலைகீழா நின்னாலும் அவன் மாதிரி ஆகமாட்டேன். எங்க ரெண்டு பேர் உடம்பையும் வெச்சுப் பொய் சொல்றீங்க."

வெளியே மருமகன் பெஞ்சில் துவண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த பேனருக்குப் படம் எடுக்கப்போகிறார்கள். தசை கோடு கோடாய்த் தெரியவேண்டுமென்று முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.

"நீங்க சம்மதிச்சதா சொன்னாங்க மாமா."

மாஸ்டர் நேரே வாசலுக்குப் போனார். பேனரின் நடுவில் கை வைத்தார். மரச்சட்டம் தீக்குச்சி போல் முறிந்து, பேனர் இரண்டாகக் கிழிந்தது.

"மாஸ்டர், அது கூடத்துச் சொத்து," என்று முதலாளி ஓடிவந்தார்.

"இந்த உடம்பு என் சொத்து." தன் பாதியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"என் பாதி, மாமா?"

"அது உன் உடம்பு, நீ முடிவு பண்ணு. மொதல்ல இதைக் குடி."

நீட்டிய தண்ணீர் பாட்டிலை மருமகன் கடகடவென்று காலி பண்ணினான். கேமராப் பையோடு படியேறி வந்தவர் அதைப் பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்தார்.

"போச்சு," என்றார்.