அப்பாவுக்கு விரித்த கம்பளி

போன வாரம் வடலூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். எனக்குச் செரிமானம் சரியில்லை என்று செல்வி கடுக்காய்ப் பொடி வாங்கிவரச் சொல்லியிருந்தாள். செல்வி என் மனைவி; என் வயிற்றைப் பற்றி என்னைவிட அவளுக்குத்தான் அதிகம் தெரியும். கடைக்காரர் டப்பாவைத் திறந்ததும் அந்தத் துவர்ப்பு மூக்கில் ஏறியது. துவர்ப்புக்கு வாசனை உண்டா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு உண்டு. அதன் பின்னாலேயே ஆவாரம்பட்டை காய்ச்சிய வாடையும் ஈரத் தோலின் வாடையும் வந்துவிடும். பொடி வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன். வீட்டில், கடை சாத்தியிருந்தது என்றேன். செல்வி நம்பவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை.

பல வருஷங்களுக்கு முன்பு, நெய்வேலியில் எனக்கு வேலை பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்த புதிது. அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன். குள்ளஞ்சாவடிப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட, அவரைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் கட்டில் போட்டோம்.

அப்பா வள்ளலார் வழியில் நடக்கும் சன்மார்க்கி. தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்க்கத் தவறியதில்லை. கறி மீன் தொடமாட்டார் என்பது சாதாரணம், பலபேர் அப்படி. இவர் தோல் செருப்பு போடமாட்டார், தோல் வார் வைத்த கடிகாரம் கட்டமாட்டார். எனக்குக் கம்பெனியில் கொடுத்த பூட்ஸை வாசலுக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டும். மாட்டு வண்டியில் ஏறினால்கூட மாட்டிடம் மன்னிப்புக் கேட்பது போல ஒரு முகம் வைத்துக்கொள்வார். சின்ன வயதில் இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

படுத்த படுக்கையாகி இரண்டாவது மாதத்தில் இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் வந்தது. நான் ஷிப்டில் கிடப்பேன், பார்த்ததெல்லாம் செல்விதான். தண்ணீர்ப் படுக்கை ஒன்று வாங்கினோம், ஒழுகியது. மருந்து போட வந்த நர்ஸ் ஒருநாள் வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "ரோமத்தோட ஆட்டுத்தோல் கிடைச்சா போட்டுப் படுக்க வைங்க சார். காத்து போகும், ஈரம் தங்காது." செல்வியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முன்னறைக் கதவு திறந்திருந்தது.

நம் பக்கத்து ஆட்டுக்குக் கம்பளி கிடையாது. என் ஷிப்டில் பழனிசாமி என்று ஒருவர், தாராபுரம்காரர். "எங்கூர்ல குறும்பாடு இருக்குதுங்க, உடம்பு பூரா கம்பளி. கறிக்கடையில தோலு சும்மாவே குடுப்பாங்க" என்றார். அடுத்த லீவில் போனவர் கொண்டும் வந்தார். பாலித்தீன் பையில் கட்டி, சித்திரை வெயிலில், பஸ்ஸில். பாத்ரூமில் வைத்து நான் பிரித்தபோது கம்பளி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. உரித்த சூட்டோடு உப்புப் போடாவிட்டால் தோல் அழுக ஆரம்பித்துவிடும், முதலில் போவது மயிர்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் எலி செத்துக் கிடக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

இரண்டாவது தோலைப் பழனிசாமி கல்லுப்பு அப்பி, சாக்கில் சுருட்டிக் கொண்டுவந்தார். ஈரோட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அவருடைய மாமா சொன்னதையும் கொண்டுவந்தார். ஆனால் பாதியை வழியிலேயே மறந்திருந்தார். உட்பக்கக் கொழுப்பை இரும்புக் குழாயின் மேல் போட்டு மழுங்கின கத்தியால் வழித்தேன். கொழுப்பு நின்ற இடத்தில் பதனிடும் சாறு இறங்காது. அதற்குப் பயந்து அழுத்தியதில் ஓர் ஓட்டை போட்டேன், செல்வி தைத்தாள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் காய்ச்சிய சாறை ஆறவைக்காமல் ஊற்றியதில் ஓரத்தில் ஒரு கையகலம் வெந்து, சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டது. மாமா சொன்னதில் மறந்துபோன பாதியில் இதுதான் இருந்திருக்கிறது. மீதிக்கு ஆறின சாறு, முதலில் தண்ணியாக, பிறகு திக்காக, உட்பக்கம் மட்டும் தடவித் தடவி மடித்து வைத்தோம். வெயிலில் போடவில்லை, போட்டால் பலகையாகிவிடும். நிழலில் காயவைத்து, முழுக்கக் காய்வதற்குள் விளக்கெண்ணெய் தடவி, நாற்காலி முதுகில் போட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். டியூட்டி முடித்து வந்து இதே வேலை. கை மரத்துப் போகும். இழுக்க இழுக்கத் தோல் துணியாக மாறிக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோஷத்தை ஏன் மறைக்க வேண்டும்? செல்வியும் நானும் கல்யாணமான பிறகு சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

முன்னறையிலிருந்து அப்பா குழறலாகக் கேட்டார். "இன்னாடா காய்ச்சிகினு கீறீங்க?"

"மூலிகைப்பா. உங்க புண்ணுக்கு."

"பாவம், எனக்காக எவ்ளோ கஷ்டப்படறீங்க" என்றார்.

விரித்தோம். மெல்லிய வேட்டி ஒன்றை மேலே போட்டோம். ஊட்டியிலிருந்து வந்த கம்பளி என்று செல்வி சொன்னாள். நான் தலையாட்டினேன். புண் ஓரத்தில் ஆற ஆரம்பித்தது, சிவப்பு குறைந்தது, அப்பா தூங்கினார். விழித்திருக்கும்போது நல்ல கையை வேட்டிக்கு அடியில் நுழைத்துக் கம்பளியைத் தடவிக்கொண்டே இருப்பார். ஒருநாள் சொன்னார்: "கம்பளி நல்ல வஸ்துடா. உயிரக் கொல்ல வேணாம், மயிரத்தான வெட்டிக்கறாங்க. மறுபடி மொளைச்சிக்கும்."

நான் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். அன்று எனக்கு வாராந்திர லீவு. சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தேன்.

பழனிசாமி மேல் தப்பே இல்லை. அவரிடம் நாங்கள் எதையும் சொல்லி வைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து, உரிமையாக ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "அட, தோலு நல்லா பதமா வந்திருக்குதுங்களே!" என்றார். செல்வி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கையை வேட்டிக்கு அடியிலிருந்து எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

அன்று முழுக்க அந்தக் கை நெஞ்சின் மேலேயே இருந்தது. கஞ்சி குடித்தார். மறுநாள் காலை என்னைக் கூப்பிடவில்லை.

"செல்வி, அத்த எட்த்துடும்மா."

"மாமா, புண்ணு திரும்ப வந்துடும்."

"வரட்டும்."

நான் உள்ளே போனேன். "அப்பா, இதுக்குன்னு யாரும் அறுக்கல. கறிக்கடையில தூக்கிப் போடற தோலு. நீங்க படுத்தாலும் படுக்காட்டியும் அது செத்ததுதான்."

"தெரியுதுடா" என்றார். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "அது எனக்காகச் சாவல. ஆனா மேல படுத்துகினு கீறது நான்தான?"

எடுத்தோம். அதன் பிறகு நான் ஷிப்ட் மாற்றிக் கேட்டு, பகலில் மட்டும் வேலையுள்ள ஜெனரலுக்கு வந்தேன். செல்வியும் நானும் முறை வைத்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்தோம். பழைய வேட்டிகளை நாலாக மடித்து அடியில் வைத்தோம். ஆனாலும் புண் திரும்பியது, முன்னைவிட ஆழமாக. மருந்து போடும்போது அப்பா கண்ணை மூடிக்கொள்வார், சத்தம் வராது. தோல் சுருட்டி அலமாரிக்கு மேலே இருந்தது. அந்த அறையில் நாங்கள் மூன்றுபேரும் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகினோம்.

கடைசியில் அவருக்கு நினைவு தப்பியது. ஒரு மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது செல்வி அதை எடுத்து விரித்து, அப்பாவை அதன்மேல் படுக்க வைத்திருந்தாள்.

"தெரியாது அவருக்கு," என்றாள். "என்னால பாக்க முடியலங்க."

நான் எடு என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. அப்பாவின் நல்ல கை அசைந்து அசைந்து கம்பளியைப் பற்றியது. தடவினாரா, தள்ளினாரா என்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் ஒரே பதில் கிடையாது. செல்வி தடவினார் என்கிறாள். நான் அதை மறுத்துப் பேசுவதில்லை.

சன்மார்க்கிகள் எரிப்பதில்லை. அப்பா கண் மூடியதும் ஊருக்குக் கொண்டுபோய், போர்த்திய கதர் வேட்டியோடு புதைத்தோம். தோலை நெய்வேலி வீட்டின் பின்பக்கம், முருங்கை மரத்தடியில் நானே புதைத்தேன்.

அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை இப்போது இல்லை. பழசாகிவிட்டதென்று இடித்துவிட்டார்கள். அண்மையில் அந்த வழியாக நடந்தேன். செங்கல் துண்டும் சீமைக்கருவேலமும்தான். எது எங்கள் வாசல், எது பின்பக்கம் என்று பிடிபடவில்லை. பழனிசாமியும் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய்விட்டார். போகும்போதுகூட அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்கத் தயங்கித்தான் போனார்.

திரும்பி வந்து செல்வியிடம் இடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்:

"மொதல்லயே மாமா கிட்ட கேட்டிருந்தா, சரின்னு சொல்லியிருப்பாரோ?"

மாட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தோம். நாங்களே நினைத்துக்கொண்டோம். அவரிடம் கேட்கவே இல்லை.