பொட்டு வைத்த ரூட்டர்

தோளில் கருவிப் பை, கையில் போன், மனதில் ஒரு திருப்தி. தெருமுனை ஷேர் ஆட்டோவை நோக்கி நடந்துகொண்டிருக்கிறேன். போனில் ஒரு கட்டில். கட்டிலில் ஒரு மனிதர். தலைமாட்டில் தண்ணீர் சொம்பு. எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. நான் மாட்டிய கேமரா!

நாலு வீடு தாண்டியிருப்பேன். படம் போய்விட்டது.

ஒரு வட்டம் மட்டும் சுற்றுகிறது... சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரம் நான் பார்த்தது அந்த வீட்டு வை-ஃபையில். வீட்டுக்குள்ளேயே நின்று வீட்டைப் பார்த்துவிட்டு, “வேலை முடிஞ்சதும்மா” என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறேன். இதற்குக் கேமரா எதற்கு? கண்ணே போதுமே.

“ஐயம்பேட்ட... ஐயம்பேட்ட... ஏறுறியா, இல்லியா?” என்றார் ஆட்டோக்காரர்.

ஏறியிருக்கலாம். இந்தப் பத்தியை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் சரி. லாரி கிளீனர், லாட்ஜில் ரூம் பாய், கேபிள் ஒயர் இழுப்பது... இப்போது இரண்டு மாதமாகக் காஞ்சிபுரத்தில் ஒரு கேமரா கடை. ஒத்துவரவில்லை என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது எனக்குப் புதிதில்லை.

ஆனால், மறுநாள் காலை அந்த வீட்டுத் தேவகி புது வேலைக்காக முதல் தடவையாகக் கம்பெனி பஸ் ஏற வேண்டும்.

அவர் கணவர் குமரனுக்குப் பக்கவாதம். வலது பக்கம் அசையாது, பேச்சும் குழறும். இரண்டு முறை கட்டிலிலிருந்து விழுந்து, கடைக்குப் போன தேவகி திரும்பும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். வேலையிடத்திலிருந்து அவ்வப்போது போனில் பார்க்க முடிந்தால் போதும். விழுந்தால் எதிர்வீட்டுக்கு ஒரு போன். சாவி அவர்களிடம் இருக்கும், திறந்து தூக்கிவிடுவார்கள். படம் தெரியாவிட்டால்?

“அப்ப நான் போவலண்ணா” என்று காலையிலேயே சொல்லிவிட்டார். முதல் நாளே வராத ஆளுக்கு எந்தக் கம்பெனி காத்திருக்கும்?

திரும்பி நடந்தேன்.

கேமராவிலிருந்து படத்தை வாங்கி வைக்கும் கேமராப் பெட்டி பழசு. புதுசாக இருந்தால் அதன் ஆப்பே பார்த்துக்கொள்ளும். இதற்கு நாம்தான் ரூட்டரில் வழி செய்து கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் நேரே கேமராப் பெட்டியிடம் அனுப்பு – இவ்வளவுதான் போர்ட் ஃபார்வர்டிங். அதைச் செய்துதான் வைத்திருந்தேன். மறுபடி பார்த்தேன். எண் சரி. பெட்டியின் விலாசம் சரி. ரூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டேன். நம் ஊரில் எல்லா வியாதிக்கும் முதல் மருந்து அதுதானே? கேட்கவில்லை.

பிறகுதான் அந்த ரூட்டர் தன் வெளி விலாசம் என்று எதைக் காட்டுகிறது என்று கவனித்தேன். 192.168 என்று ஆரம்பித்தது. அது உலகத்துக்குத் தெரிந்த விலாசமே இல்லை, பக்கத்து அறை விலாசம்! ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பீரோவுக்குப் பின்னால், இரண்டு விரல் நுழையும் சுவர் ஓட்டைக்குள் போய் அது மறைந்தது.

“இது எங்கம்மா போவுது?”

தேவகி குரலைத் தாழ்த்தினார். “மாமா ஊட்டுக்கு.”

மாமா என்றால் குமரனின் சொந்த அண்ணன், ஏகாம்பரம். மூன்று வருஷத்துக்கு முன் வீட்டைப் பிரித்தார்கள். கரண்ட் மீட்டர் இரண்டாயிற்று. குழாய் இரண்டாயிற்று. நடுவில் சுவர் வந்தது. நெட்டைப் பிரிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கொத்தனார் ஒயருக்கு ஓட்டை விட்டுப் பூசிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

ஆனால், பாவு நீட்டும் நாள் வேறு கணக்கு. நெய்ய வேண்டிய பட்டிழைகளைக் காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர் செய்வார்கள். அன்றைக்குச் சண்டைக்காரரும் வந்து கைகொடுத்தாக வேண்டும். அது தெரு வழக்கம். ஏகாம்பரத்தின் பாவுக்கு மறுமுனையில் நிற்பது தேவகிதான். பேசாமல் பிடிப்பார், பேசாமல் உள்ளே போய்விடுவார்.

ஆக, ரூட்டர் இரண்டு. நான் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, தெருக்கதவு பூட்டியிருப்பது தெரியாமல் விருந்தாளிக்குக் காத்திருக்கிறேன்.

“நீயே போய்க் கேளுண்ணா. எம் பேரச் சொல்லாத.”

ஏகாம்பரம் தறிக்குழியில் கால் விட்டு நெய்துகொண்டிருந்தார். ரூட்டருக்குள் போக பாஸ்வேர்டு வேண்டும் என்றேன்.

“பின்னாடி எழுதியிருக்குதுன்னு மாட்ட வந்த ஆளு சொன்னாம்பா. எடுத்துப் பாத்துக்கோ.”

அலமாரியிலிருந்து எடுத்துத் திருப்பினேன். ஸ்டிக்கரைக் காணோம். சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடி சந்தனம்...

“ஆயுத பூசைக்குத் தறிக்கு வெப்போம்ல? இதுவும் ஊட்ல ஒழைக்கிற பொருள்தான?”

“முன்னாடி வெச்சிருக்கலாமே?”

“முன்னாடி லைட்டு எரியுது. கண்ணு மேல யாருனா பொட்டு வெப்பாங்களா?”

நியாயம்தானே?

ரீசெட் ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தலாம். ஆனால், நெட் கம்பெனி போட்டு வைத்ததெல்லாம் அழிந்துவிடும். அவர்கள் ஆள் வந்து சரிசெய்ய இரண்டு நாள். தேவகிக்கு அவ்வளவு நேரம் இல்லை.

“பொட்ட அழிக்கலாங்களா?”

“எதுக்கு?”

பெயரைச் சொல்லாதே என்றுதானே தேவகி சொன்னார்? சொல்லவில்லை. “உங்க தம்பி தனியா இருப்பாரு. விழுந்தா வெளியிலேர்ந்து தெரியணும்” என்றேன்.

தறி நின்றது. “விழுந்தா...ன்னா? முன்னாடி விழுந்தானா?”

“ரெண்டு தடவ.”

அவர் எழுந்து வந்தார். வேட்டி முனையில் தேங்காய் எண்ணெய் தொட்டு, மூன்று வருஷப் பூசையை மெதுவாகத் துடைத்தார். போனில் போட்டோ எடுத்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பளபளப்பில் ஒரே சிவப்புத் தீற்றல்.

“ஒனக்குத் தெரியாதுப்பா. ஒத்த இழை அறுந்தாலே கண்டுபுடிக்கிறவன் நானு.” ரூட்டரை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். “மிஷின்ட்ட போய் ஒக்காரு. ஓட்ட வழியா சொல்றேன்.”

பேட்டரி செத்த என் லேப்டாப் தேவகி வீட்டு பிளக்கில்தான் உயிரோடு இருந்தது. போய் உட்கார்ந்தேன். பீரோவை நகர்த்தி, சுவரோடு சாய்ந்து, பழைய டிசைன் தாளின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தார் தேவகி.

சுவருக்குள்ளிருந்து ஒவ்வொரு எழுத்தாக வந்தது. கடைசி எண்ணும் வந்தது.

“எழுதிக்கினியாப்பா?”

நான் வாயைத் திறப்பதற்குள்...

“எழுதிக்கினேன் மாமா.”

அந்தப் பக்கம் தொண்டையைக் கனைக்கும் சத்தம். கட்டிலில் குமரன் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஸ்வேர்டு சரியாக இருந்தது. ஏகாம்பரம் வீட்டு ரூட்டரில் ஒரே ஒரு வரி – இந்த எண்ணில் வருபவரைத் தேவகி வீட்டு ரூட்டருக்கு அனுப்பு. இந்த முறை ஏமாறவில்லை. போனில் வை-ஃபையை அணைத்துவிட்டுத் தேவகியையும் அழைத்துக்கொண்டு ஆட்டோ நிற்கும் இடம் வரை போனேன். வட்டம் சுற்றியது. கட்டில் வந்தது. சொம்பு வந்தது. குமரன் இடது கையால் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“சொறியட்டும்” என்று சிரித்தார் தேவகி. கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்.

பை எடுக்கத் திரும்பியபோது ஏகாம்பரம் வாசலில் நின்றார். ரூட்டருக்குப் புதுப் பொட்டு வைத்தாயிற்றாம், இந்த முறை ஸ்டிக்கரை விட்டு ஒதுங்கி. “நாளைக்குப் பாவு. அது பஸ்ஸுக்குப் போயிடும், முனை புடிக்க ஆளில்ல. ஒனக்கு இன்னா வேல காலைல?”

மறுநாள் விடிந்தும் விடியாமல் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். மறுமுனை என் கையில். யூனிஃபார்ம் போட்ட தேவகி சாவியோடு வெளியே வந்தார். எதிர்வீட்டுப் பக்கம் இரண்டடி வைத்தார். நின்றார். திரும்பி உள்ளே போனார். வரும்போது கையில் சாவி இல்லை. சாவி இல்லாமலே பூட்டும் அமுக்குப் பூட்டை அமுக்கிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

ஏகாம்பரம் ஏதோ வேலை போல உள்ளே போய்விட்டு வந்தார். இடுப்பில் அந்தச் சாவி. அதில் சுவர் ஓட்டையின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

“இன்னாப்பா பாக்கற? பாவு தொங்குது பாரு. இழுத்துப் புடி!”

இழுத்துப் பிடித்தேன். கேமரா கடைக்கு அன்று லீவு.