வாந்தி: இல்லை

மருந்து பாட்டிலின் தலையில் கவிழ்ந்து வரும் சின்னப் பிளாஸ்டிக் மூடி அது. முப்பது மில்லி பிடிக்கும். எங்கள் முதலாளியின் மேசையில், துணிச் சாம்பிள்களுக்கும் கலர் கார்டுகளுக்கும் நடுவில் எப்போதும் ஈரத்தோடு இருக்கும். நூற்று நாற்பது கிலோ இருந்த மனிதர் அதில் தண்ணீரை ஊற்றி, உதட்டில் பட்டும் படாமலும் உறிஞ்சிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு வாய். பார்க்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும். எனக்கு மட்டும் சந்தேகமாக இருந்தது. மூடி ஈரமாகிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பாட்டிலில் தண்ணீர் குறையவே இல்லை.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். பெட்டியில் மேலாக இருக்கிற பீஸை எடுக்காதே, அடியிலிருந்து உருவு என்பதுதான் இந்த வேலையில் சேர்ந்ததும் எவனும் கற்றுக்கொள்வது. மேலே நல்லதைத்தான் வைத்திருப்பார்கள். அப்படி வைக்கிறவர்களும் நாங்கள்தான் என்பது வேறு விஷயம். சரக்கு வாங்குகிற பையரின் ஆள் அதைப் பார்க்க வருகிற நாளில் எந்தப் பெட்டி முன்னால் நிற்க வேண்டும், எது லிஃப்டுக்குப் பின்னால் போக வேண்டும் என்று முதலாளியே நின்று சொல்லுவார். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. ஊரில் யாருக்கும் கிடையாது.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா அயர்ன் மாஸ்டர். அம்மா எங்கள் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருக்கிறாள். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். இங்கிலீஷ் தாளைக் கொடுத்தால் படித்து அர்த்தம் சொல்லுவேன் என்பதால்தான் முதலாளியின் ஆபரேஷன் விஷயம் என் கைக்கு வந்தது. இல்லாவிட்டால் மற்றவர்களைப் போல நானும் குடலிறக்க ஆபரேஷன் என்றே நம்பியிருப்பேன். அல்லது தையல் லைனில் பேசிக்கொண்ட மாதிரி, கேன்சரை மறைக்கிறார்கள் என்று.

உண்மையில் அது எடை குறைப்பதற்கான ஆபரேஷன். கோயம்புத்தூரில் வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். சர்க்கரை கட்டுக்குள் நிற்கவில்லை, முழங்கால் மாடிப்படிக்கு ஒத்துழைக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே குறட்டை விட்டுத் தூங்கிப் போனார். டாக்டர்கள் சொல்ல, அவரும் யோசித்துத்தான் முடிவெடுத்தார். ஆனால் அவர் வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. முதலாளியம்மாவின் அண்ணன், கிடா விருந்துப் பந்தியில் நாலு பேர் கேட்க, “மாப்பிள்ளை வாயைக் கட்டமாட்டாம வயித்த வெட்டிக்கப் போறாரு” என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது முதலாளி சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் கை மேசை விளிம்பை விடவில்லை. இந்த ஆபரேஷன் பாஸாகியே தீர வேண்டும் என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். தினமும் எவ்வளவு தண்ணீர், எத்தனை ஸ்பூன் புரோட்டீன் பவுடர், மாத்திரை போட்டாரா, வாந்தி உண்டா, எடை என்ன என்று கட்டம் கட்டமாக இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை அதைப் படம் பிடித்து டயட்டீஷியன் மேடத்துக்கு அனுப்ப வேண்டும். முதலாளி சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். முதல் வாரத்திலேயே, அவர் பாத்ரூமிலிருந்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, “வாந்தி இல்லைன்னு போடு கண்ணு” என்றார். கதவுக்கு வெளியே எனக்கு எல்லாம் கேட்டிருந்தது. நான் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

“பையருக்குப் போற ரிப்போர்ட்டுல டேமேஜை நாமளே வட்டம் போட்டுக் காட்டுவமாக்கும்? போடு.”

போட்டேன். எத்தனையோ ரிப்போர்ட்டில் எழுதிப் பழகிய கை.

அந்தத் தாளில் எடைக் கட்டம் ஒன்றுதான் நிஜம். துணி ரோல் எடை போடும் தராசில், குடோனிலிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து ஏறுவார். முள் இறங்க இறங்க அவர் முகம் மலரும். துவைத்ததும் ஒரு துணி இப்படி மளமளவென்று எடை இழந்தால் நாங்கள் சந்தோஷப்பட மாட்டோம், எங்கே கோளாறு என்று தேடுவோம். டயட்டீஷியன் மேடமும் ஒருமுறை கேட்டார், இவ்வளவு வேகமாகக் குறைகிறதே, நிஜமாகவே வாந்தி இல்லையா என்று. இல்லை என்று பதில் அடித்தது நான்தான்.

முதலில் நான் சந்தேகப்பட்டது முதலாளியம்மாவை. மதியம் அவர் கொண்டு வரும் கேரியரில் குழம்பு வாசம் அடித்தது. கணவர் இளைப்பது பொறுக்காமல் கெட்டியாக எதையோ ஊட்டுகிறார், அதுதான் வெளியே வருகிறது என்று நினைத்தேன். அந்த அம்மா என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். ஒருநாள் சாம்பிள் ரூமுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, “ஏனுங்க தம்பி, நீங்கதான் அவருக்கு போண்டா வாங்கித் தர்றீங்களா? சொல்லிப்போடுங்க, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்” என்றார். இல்லீங்கம்மா என்றேன். அவர் நம்பவில்லை. கேரியர் தனக்காகக் கொண்டு வந்தது என்று அந்த அம்மா சொன்னதை நானும் நம்பவில்லை.

அன்றைக்குப் பிறகு நான் என் வேலையைச் செய்தேன். தண்ணீர் பாட்டிலில், துவைத்தால் போகிற மார்க்கரால் ஒரு கோடு கிழித்து வைத்தேன். சாயங்காலம் வரை தண்ணீர் அதை விட்டு அவ்வளவாக இறங்கவில்லை. புரோட்டீன் டப்பாவை, முதலாளி லைனுக்குப் போகிற நேரத்தில் எடுத்துப் போய், துணித் துண்டை வெட்டி எடை பார்க்கும் சின்ன மெஷினில் வைத்துப் பார்த்தேன். மூன்று நாள் ஒரே எடை. பவுடர் மணமே அவருக்கு ஆகவில்லை. மாத்திரைகள் டிராயரில், வேஸ்ட் துணிக்கு அடியில், பிரிக்காமல் கிடந்தன. வாந்தியை, டீசர்ட்டில் தொங்கவிடும் ஹேங் டேக் அட்டை ஒன்றின் பின்புறம் கோடு போட்டுக் குறித்தேன், டேமேஜ் எண்ணுவது போல. நாலு கோடு, குறுக்கே ஒன்று. யாரிடம் காட்டுவதற்காக என்று அப்போது எனக்கே தெரியாது.

ஆறாவது வாரம் அவர் லைனில் நடந்து வரும்போது இடது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவர் வந்துகொண்டே இருந்தார். வெறுங்காலில் நடக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு டெய்லர் பெண் எடுத்துக் கொண்டுவந்து கொடுக்க, எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மறுநாள் ஒரு டீசர்ட்டைக் கையில் வாங்கி, கழுத்துத் தையல் ஏன் இரட்டையாக ஓடியிருக்கிறது என்று சத்தம் போட்டார். வாங்கிப் பார்த்தேன். ஒற்றைத் தையல்தான். பத்தடி தூரத்தில் இருந்தே துணியில் ஊசி விட்ட கோட்டைக் கண்டுபிடிக்கிற கண் அவருடையது.

மதியச் சாப்பாட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டாள். “பெரிய எடத்து விசயம்ல. நாளைக்கு ஒண்ணுன்னா அவுக ஒன்னத்தான் கைகாட்டுவாக. தாள்ல இருக்கது பூராம் ஒங்கையெழுத்து.” அவள் பயந்தது எதற்கோ, எனக்கு உறைத்தது வேறு. ஆமாம், பூராவும் என் கையெழுத்துதான். சாப்பாட்டு மணி முடிவதற்குள் அந்த ஹேங் டேக்கைப் படம் பிடித்து, செருப்பையும் தையலையும் எழுதி, இதுவரை அனுப்பியதெல்லாம் பொய் என்றும் எழுதி, மேடத்துக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மேடத்திடமிருந்து போன் வந்தது. நடக்கும்போது தள்ளாடுகிறாரா, கண் இரண்டிரண்டாகத் தெரிகிறதா என்று மட்டும் கேட்டார். இன்றைக்கே கூட்டி வாருங்கள், நாளைக்கு வேண்டாம் என்றார்.

காரில் நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டில் அவரும் முதலாளியம்மாவும். செருப்பு காலில் நிற்காததால் அந்த அம்மா இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவிநாசி தாண்டினோம். பிறகு முதலாளி, “என்றகிட்டச் சம்பளம் வாங்கிட்டு என்னையே பெயில் போட்டுட்டயே கண்ணு” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை.

பி ஒன் என்கிற ஒரே ஒரு வைட்டமின் உடம்பில் அடியோடு தீர்ந்து போயிருந்தது. காலும் கண்ணும் கெட்டது அதனால்தானாம். நாள்கணக்கில் நரம்பு வழியாக ஏற்றினார்கள். டியூப் விட்டுப் பார்த்ததில், மிச்சம் வைத்திருந்த வயிறு ஒரு இடத்தில் சுருங்கிப் போயிருந்தது தெரிந்தது. ஆறினபோது அப்படி ஆகிவிட்டதாம், சிலருக்கு ஆகுமாம், அதை அகலப்படுத்தவும் வழி உண்டாம். வாந்தி என்று முதல் வாரமே தெரிந்திருந்தால் அப்போதே பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். முதலாளி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். வாயைக் கட்டாததால் வந்த வாந்தி என்று அவரே தன்னைச் சந்தேகப்பட்டுக் கொண்டிருந்திருக்கிறார். வாந்தி வந்ததில் அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பார்வை சரியாகிவிட்டது. சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது. கால் மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. வார் வைத்த செருப்புப் போட்டு, தரையைப் பார்த்துப் பார்த்து நடக்கிறார். நான் செய்தது சரி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த ஆர்டர் குறைந்தால் முதலில் நிறுத்தப்போவது உன்னைத்தான் என்று அம்மா இன்னும் சொல்கிறாள். இருந்தும் தாளை நான்தான் எழுதுகிறேன். அவர் சொல்கிறார், எழுதுகிறேன். கதவுப் பக்கம் காது கொடுப்பதை மட்டும் ஐந்து மாதம் முன்பே விட்டுவிட்டேன். ஒரு மனிதரை எத்தனை நாள்தான் சரக்குப் போலப் பார்ப்பது என்று இருந்தது.

போன மாதம் செக்கப்புக்குப் போனோம். டாக்டர் தாளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வாந்தி: இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாக இறங்கியது. நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த தேதி எழுதக் குனிந்தார். முதலாளி எழுந்துவிட்டார், கதவு வரைக்கும் போனார். பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, என் பாக்கெட்டிலிருந்த பேனாவை உருவினார்.

“நேத்து ரெண்டு தடவை ஆச்சுங்க. அதைய நான் இந்தப் பையங்கிட்டக்கூடச் சொல்லல” என்று சொல்லி, நேற்றைய கட்டத்தில் நான் எழுதியிருந்ததை அடித்தார். கோடு பக்கத்துக் கட்டத்திலும் ஏறியது. டாக்டர் தன் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை.

“முந்தின வாரத்துத் தாளையும் எடு கண்ணு” என்றார்.