தின்றதை மறந்தவர்

பழங்காநத்தத்தில் முத்திருளனின் சாப்பாட்டைத் தெரியாதவர்கள் இல்லை. மில்லில் பஞ்சுப் பொதி தூக்கிய உடம்பு. தின்றதெல்லாம் வேர்வையாக இறங்கிவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் ரிட்டயர் ஆனார். பொதி போனது, பசி போகவில்லை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் படுக்கத்தான் எழுந்திருப்பார். வடை, போண்டா, கறிக்குழம்பு. சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. அவர் சோற்றை உருட்டி விழுங்குகிற சத்தம் கேட்டாலே மனைவி அன்னக்கொடிக்குக் குமட்டத் தொடங்கியது.

சர்க்கரையும் பிரஷரும் வந்தன. பின்னாலேயே மறதி. கை கழுவிய ஈரம் காயுமுன், "இன்னும் சோறு போடலயா?" என்பார். "இப்பத்தான தின்னீங்க" என்றால் தெருவில் நின்று, "என்னைப் பட்டினி போடுறா" என்று முறையிடுவார். தெருவும் நம்பியது. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரு சாயங்காலம் ஆளைக் காணோம். தேடிப்போனால் புரோட்டாக் கடையில் கூட்டம். நடுவில் முத்திருளன், மோவாயில் சால்னா வழிய. எம்புட்டுத் தின்பார் என்று பந்தயம். தின்று முடித்ததும் இலையை எடுத்துவிட்டு, "அண்ணே, நீங்க இன்னும் சாப்பிடலயே" என்று புது இலை போட்டார்கள். அவரும் தலையாட்டிக்கொண்டு பிய்த்துத் தின்றார். சிரித்தவர்களில் அவள் தம்பி விருமாண்டியும் ஒருவன்.

"சும்மா வெளாட்டுக்குத்தான் அக்கா. மச்சான் ஆசையாத்தான திங்கிறாரு."

"அவருக்கு அறிவு கலங்கிருச்சு. ஒனக்கு என்னடா வந்துச்சு? இனி என் வாசப்படி மிதிக்காத."

எழுந்த வேகத்தில் அவர் அங்கேயே வாந்தி எடுத்தார். பந்தயம் கட்டியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நழுவினார்கள். அவள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள்.

டாக்டர் மழுப்பவில்லை. "போன ஞாபகம் முழுசாத் திரும்பும்னு சொல்ல மாட்டேம்மா. சர்க்கரையக் கட்டுக்குள்ள வைங்க, நடக்க விடுங்க, நாலு பேரோட பேச விடுங்க. இருக்கிறதக் காப்பாத்தப் பாக்கலாம்."

கேழ்வரகுக் கூழும் கீரையும் வைத்தாள். "இதை மனுசன் திம்பானா?" என்று அவள் காலடியிலேயே துப்பினார். முகம் சுளித்துக்கொண்டே துடைத்தாள். விடியக்காலையில் கையைப் பிடித்துத் திருப்பரங்குன்றம் ரோட்டில் நடத்தினாள்; டீக்கடையில் பழைய மில்காரர்களோடு பேசவிட்டாள். சில மாதங்களில் சர்க்கரை இறங்கியது. இன்றைக்கு என்ன கிழமை என்பது தவறினாலும், மில்லில் உடன் வேலை பார்த்தவர்கள் பேர் வாயில் வந்தது. சோறு கேட்டு அடம்பிடிப்பது குறைந்தது, நிற்கவில்லை.

ஒருநாள் ரோட்டில் விருமாண்டி எதிரே வந்து தயங்கி நின்றான். முத்திருளன் முகம் மலர்ந்தது. "வா மாப்ள, சாப்பிட்டியா?"

அன்னக்கொடி ஓரமாகக் காறித் துப்பிவிட்டு, கணவரை இழுத்துக்கொண்டு நடந்தாள்.